ரிப்போர்ட் வரும்வரை: விசுவாசத்தோடும் பொறுமையோடும் காத்திருக்க ஒரு வழிகாட்டி

அம்மாவின் கழுத்தில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி. வலி கிடையாது, காய்ச்சல் கிடையாது. திருநெல்வேலியில் ஊசி போட்டு எடுத்துப் பார்த்தார்கள். மூன்றாம் நாள், "உறுதியாச் சொல்ல முடியல, சென்னைக்குக் கொண்டு போங்க" என்றார்கள். ஊசி போட்ட அந்த நாளிலிருந்து, "இன்னதுதான்" என்று ஒரு டாக்டர் வாயால் கேட்பதற்கு மொத்தம் 47 நாள் ஆனது.

சின்ன வயதிலேயே ஞானஸ்நானம், அப்புறம் திடப்படுத்தல் எல்லாம் முடித்துவிட்டு, கிறிஸ்துமஸுக்கும், சபை விருந்தான அசனத்துக்கும் மட்டும் கோயில் பக்கம் தலைகாட்டுகிற ஆள் நான். அந்த 47 நாளில்தான் ஜெபம் என்று ஒன்றை உட்கார்ந்து செய்யப் பார்த்தேன். ஜெபத்திலும் தப்பு பண்ணினேன், ஆஸ்பத்திரி வேலையிலும் தப்பு பண்ணினேன். இரண்டையும் ஒன்றோடொன்று குழப்பிக்கொண்டதுதான் இருப்பதிலேயே பெரிய தப்பு.

பயாப்ஸி (சதையை எடுத்துச் சோதிப்பது), ஸ்கேன் என்று ஏதோ ஒரு முடிவுக்காக இப்போது காத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். விசுவாசத்துக்குப் புதியவராக இருக்கலாம், என்னைப் போல நாள் கழித்துத் திரும்பி வந்தவராகவும் இருக்கலாம். விசுவாசத்தில் ஊறியவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றுமில்லை.

1. காத்திருப்பை முதலில் இரண்டாகப் பிரியுங்கள்

ஒரு நோட்டை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். உங்கள் கையில் இருக்கிற வேலையெல்லாம் இடது பக்கம், உங்கள் கையில் இல்லாதது வலது பக்கம். இதை முதல் நாளே செய்திருந்தால் எனக்கு நாலு நாள் மிச்சமாகியிருக்கும்.

நடந்தது இதுதான். கட்டியை முழுதாக எடுத்து பயாப்ஸிக்கு அனுப்பினார்கள். எட்டாம் நாள் ரிப்போர்ட் வந்தது. எனக்குப் புரிந்ததெல்லாம் "இன்னும் முடிவாகவில்லை" என்பது மட்டும்தான். சரி, ஆண்டவர் பொறுமையைச் சோதிக்கிறார் என்று லாட்ஜ் அறையில் உட்கார்ந்து ஜெபம் பண்ண ஆரம்பித்துவிட்டேன். நாலு நாள் கழித்து, அடுத்த முடிவு எப்போது வரும் என்று கேட்கப் போனால், கவுன்டரில் இருந்த பெண் ரிப்போர்ட்டின் கடைசி வரியைக் காட்டினார்: "ஐ.ஹெச்.சி. சஜஸ்டட்." எடுத்த சதையில் சாயம் ஏற்றி, அது எந்த வகைச் செல் என்று பார்க்கிற பரிசோதனை அது. அதற்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும், கட்டினால்தான் ஆரம்பிப்பார்கள். யாரும் எங்களிடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அந்த நாலு நாளும் அம்மாவின் சதைத் துண்டு ஒரு மெழுகுக் கட்டிக்குள் சும்மா இருந்திருக்கிறது.

ஊரில் அப்பாவிடம் போனில் சொன்னேன். அவருக்கு வயல் கணக்குதான் தெரியும். "மடையத் தொறக்காம மழைக்கு ஜெபம் பண்ணி என்னலே செய்ய?" என்றார். கோபத்தில் போனை வைத்துவிட்டேன். அப்புறம் யாக்கோபு நிருபம் 5ஆம் அதிகாரத்தை வாசித்தபோது அப்பா சொன்னதே அங்கேயும் இருந்தது. முன்மாரியும் பின்மாரியும் வருமளவும் நீடிய பொறுமையோடே காத்திருக்கிறவன் 'பயிரிடுகிறவன்'. உழுது விதைத்துவிட்டுக் காத்திருக்கிறான், வரப்பில் உட்கார்ந்திருக்கவில்லை.

ஆகவே இடது பக்கத்தில் எழுத வேண்டியவை: ரிப்போர்ட்டின் கடைசி வரி வரைக்கும் வாசிப்பது, புரியாத சொல்லைக் கேட்பது, பணம் கட்டுவது, அடுத்த தேதி வாங்குவது, மாத்திரை, சாப்பாடு. வலது பக்கத்தில் எனக்கு ஒரே வரிதான் இருந்தது: அந்தக் கட்டி என்ன என்பது. தினமும் காலையில் இடது பக்க வேலையை முடித்துவிட்டுத்தான் வலது பக்கத்துக்காக ஜெபம் என்று பிறகு வைத்துக்கொண்டேன்.

2. ஃபைலும் காசும்

ஜெபத்தைப் பற்றிய கட்டுரையில் இது எதற்கு என்று கேட்காதீர்கள். தாள் கையில் இல்லாதபோது வருகிற பதற்றத்தை நான் விசுவாசக் குறைவு என்று நினைத்து அழுதிருக்கிறேன். உண்மையில் குறைந்தது ஒரு ஜெராக்ஸ்.

ஒரு பிளாஸ்டிக் ஃபைலில் தேதி வரிசையில் எல்லா ரிப்போர்ட்டும், ஒவ்வொன்றுக்கும் இரண்டு நகலும் இருக்கட்டும். ஆதார், ரேஷன் கார்டு, நோயாளியின் பாஸ்போர்ட் அளவுப் படம் நாலு, சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியல், ஒவ்வாத மருந்து ஏதாவது இருந்தால் அதன் பெயர். எல்லாத் தாளையும் போனில் படம் பிடித்துத் தனி ஆல்பமாக வையுங்கள்.

பயாப்ஸி எடுத்த இடத்திலிருந்து வேறு ஆஸ்பத்திரிக்குப் போவதானால் ரிப்போர்ட் மட்டும் போதாது. ஸ்லைடுகளையும் (சதையை மெல்லிசாகச் சீவி ஒட்டிய கண்ணாடித் துண்டுகள்) பாரஃபின் பிளாக்கையும் (சதையைப் பதித்த மெழுகுக் கட்டி) எழுதிக் கேட்டு வாங்குங்கள். இரண்டாவது கருத்து சொல்லப்போகிற டாக்டர் அவற்றைத்தான் கேட்பார். அது இல்லாமல் போனால் திரும்பவும் ஊசி, திரும்பவும் காத்திருப்பு. பிளாக் மெழுகு, அதனால் வெயிலில் நிற்கிற காரில் வைக்காதீர்கள்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் மூன்றையும் எடுத்துக்கொண்டு கலெக்டர் அலுவலகத்தில் இருக்கும் மையத்துக்குப் போக வேண்டும். நோய் உறுதியான பிறகு இதற்கு ஓடினால் மூச்சு வாங்கும். காத்திருக்கும் நாளிலேயே முடித்துவிடுங்கள். எந்தப் பரிசோதனைக்கு அது செல்லும், எதற்குச் செல்லாது என்பதை ஆஸ்பத்திரியின் காப்பீட்டு மேசையில் முன்னதாகவே கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்களுக்கு ஆன செலவு, ஒரு கணக்குக்காக: ஐ.ஹெச்.சி.க்கு 9,500 ரூபாய் (அதில் தேடுகிற மார்க்கர், அதாவது செல்லின் அடையாளப் புரதம், ஒவ்வொன்றுக்கும் தனிக்காசு, அதனால் ஆளுக்கு ஆள் மாறும்), உடம்பில் நோய் எங்கெல்லாம் இருக்கிறது என்று பார்க்கும் பெட் ஸ்கேனுக்கு 16,000, லாட்ஜ் நாளொன்றுக்கு 600. உங்கள் பில் வேறாக இருக்கும். ஆனால் லாட்ஜ் பணத்தைப் பாதியாகக் குறைக்க வழி இருக்கிறது, அது அடுத்த படி.

3. தேதியைக் கேட்டு வாங்குங்கள், நடுவில் ஊருக்குப் போங்கள்

"எப்போ வரும்?" என்று கேட்காதீர்கள். "சீக்கிரம் வந்துரும்" என்பார்கள். "எந்தத் தேதிக்கு மேல் வராவிட்டால் நான் யாரிடம் வந்து கேட்க வேண்டும்?" என்று கேளுங்கள். இந்தக் கேள்விக்கு எப்போதும் எனக்கு ஒரு தேதியும் ஒரு அறை எண்ணும் கிடைத்தது.

எங்கள் 47 நாள் இப்படிப் போனது. ஊசிப் பரிசோதனைக்கு மூன்று நாள். கட்டியை எடுக்கும் தேதி கிடைத்து எடுக்க 12 நாள். பயாப்ஸி ரிப்போர்ட்டுக்கு 8 நாள். நான் வீணாக்கிய நாலையும் சேர்த்து ஐ.ஹெச்.சி.க்கு 11 நாள். பெட் ஸ்கேன், எலும்பு மஜ்ஜைப் பரிசோதனை, கடைசி ரிப்போர்ட் எல்லாம் சேர்த்து 13 நாள். எலும்புத் துண்டைச் சுண்ணாம்பு நீக்கி மென்மையாக்கிய பிறகுதான் வெட்டிப் பார்க்க முடியும், அதனால் அது மற்றதைவிடத் தாமதமாகத்தான் வரும். இதைத் தெரிந்துகொண்ட பிறகு, "ஏன் இன்னும் வரவில்லை, ஏதோ மறைக்கிறார்களோ" என்கிற பயம் பாதி போய்விட்டது. தாமதம் என்றால் கெட்ட செய்தி என்று அர்த்தமில்லை.

பயாப்ஸி எடுத்த பிறகு சென்னையிலேயே கிடந்தது எங்கள் முட்டாள்தனம். தையல் காய்ந்ததும், "நாங்கள் ஊருக்குப் போய் வரலாமா, ரிப்போர்ட்டைப் போனில் தெரிந்துகொள்ள முடியுமா?" என்று கேளுங்கள். அம்மாவுக்கு லாட்ஜ் தலையணையில் தூக்கமே வரவில்லை. ஊருக்கு வந்த முதல் ராத்திரி, முற்றத்துக் கட்டிலில் எட்டு மணிக்கே தூங்கிப்போனாள்.

எரேமியா 29:11 உங்களுக்கும் யாராவது அனுப்பியிருப்பார்கள், சமாதானத்துக்கேதுவான நினைவுகளைப் பற்றிய வசனம். எனக்கு ஏழு பேர் அனுப்பினார்கள், ஒருவர் ரோஜாப்பூ படத்தோடு. அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதின கடிதத்தில் வருகிறது. அதற்கு முந்தின வசனம் எழுபது வருஷம் ஆகும் என்கிறது. அதற்கும் முன்னால் 5ஆம் வசனம், வீடுகளைக் கட்டிக் குடியிருங்கள், தோட்டங்களை நாட்டி அவைகளின் கனியைச் சாப்பிடுங்கள் என்கிறது. அதாவது, காத்திருக்கிற இடத்திலேயே பிழைப்பைப் பாருங்கள் என்று. அந்தக் கடிதத்தை 4இலிருந்து 14 வரை முழுதாக வாசியுங்கள். தனி வசனமாக வந்தபோது என்னைத் தேற்றாதது, கடிதமாக வாசித்தபோது தேற்றியது.

4. ஜெபிக்க வார்த்தை வராவிட்டால் சங்கீதத்தைக் கடன் வாங்குங்கள்

முழங்கால் போட்டேன், "ஆண்டவரே" என்றேன், அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. புதிதாக வருகிற எல்லாருக்கும் இது நடக்கும். சொந்த வார்த்தையில்தான் ஜெபிக்க வேண்டும் என்று ஒரு சட்டமும் இல்லை.

வேதாகமத்தில் ஜெபப் பாட்டுகளாக இருக்கிற சங்கீதங்களில் நான் மூன்றோடு நிறுத்திக்கொண்டேன். காலையில் 27, அதன் கடைசி வசனம் "கர்த்தருக்குக் காத்திரு" என்று இரண்டு தடவை சொல்கிறது. மத்தியானம், ஆஸ்பத்திரி வராந்தாவில், 13. ராத்திரி 130.

13ஆம் சங்கீதத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" என்றுதான் அது ஆரம்பிக்கிறது. முதல் இரண்டு வசனத்துக்குள் 'எதுவரைக்கும்' என்ற கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. ஆண்டவரிடம் இப்படிப் பேசலாமா என்று எனக்குப் பயம். எங்கள் உபதேசியார்தான் (ஊர்க் கோயில் ஊழியர்) சொன்னார்: "வேதத்துக்குள்ளயே இருக்குல்லா தம்பி. அவருக்குப் பிடிக்கலைன்னா உள்ளே விட்டிருப்பாரா?" மொத்தமே ஆறு வசனம், வாசிக்க ஒரு நிமிஷம்கூட ஆகாது. டோக்கன் நம்பர் மாறுவதற்குள் முடிந்துவிடும்.

ரொம்ப மோசமான நாளுக்கு 88 இருக்கிறது. மற்றப் புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் கடைசியில் துதிக்குத் திரும்பும், இது திரும்பாது, இருட்டிலேயே முடிந்துவிடும். அன்றைக்கு அதுதான் தேவை என்றால் அதையே வாசியுங்கள், துதியை வலிந்து ஒட்டவைக்காதீர்கள்.

130ஐ ராத்திரிக்கு வைத்ததற்குக் காரணம், விடியற்காலத்துக்குக் காத்திருக்கிற ஜாமக்காரர் அதில் வருகிறார்கள். எங்கள் வார்டு வாசலில் ஒரு வாட்ச்மேன் இருந்தார். மூன்று மணிக்கு மேல் அவர் கடிகாரத்தைப் பார்க்க மாட்டார், எதிரே உள்ள டீக்கடையில் ஸ்டவ் பற்றவைக்கிற சத்தத்துக்குத்தான் காதைக் கொடுத்துக்கொண்டிருப்பார். விடியுமா என்கிற சந்தேகம் அவருக்கு இல்லை, எப்போது என்பது மட்டும்தான் தெரியாது. நான் அந்தச் சங்கீதத்தைப் புரிந்துகொண்டது அவரைப் பார்த்துத்தான்.

வேதாகமம் எது என்று கேட்டால்: 'கர்த்தர்' என்று வரும் பழைய மொழிபெயர்ப்பு சபையில் வாசிக்கிறது, காதுக்குப் பழகியது. 'ஆண்டவர்' என்று வரும் பொது மொழிபெயர்ப்பு புதியவர்களுக்குச் சட்டென்று புரியும். காசு கொடுத்து வாங்க வேண்டும் என்றும் இல்லை, இரண்டும் போனில் கிடைக்கின்றன. ஆனால் போனைத் திறந்தால் வாட்ஸ்அப்பும் திறக்கும், அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

5. வேதத்தைச் சீட்டுப் போல எடுக்காதீர்கள்

இது நான் விழுந்த பெரிய குழி.

நம் வீடுகளில், ஒரு வேத வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டை எடுக்கிற பழக்கம் உண்டு. டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில் ஆளுக்கு ஒரு அட்டை எடுத்து, வருஷம் முழுக்க அதை பர்ஸில் வைத்திருப்போம். அதில் தப்பில்லை. ஆனால் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்கும்போது அதே பழக்கம் சோதிடமாக மாறிவிடுகிறது.

ஒரு ராத்திரி இரண்டு மணி. அம்மா பக்கத்துக் கட்டிலில் தூங்குகிறாள். அவளுடைய வேதாகமத்தை எடுத்து, கண்ணை மூடி, நடுவில் திறந்து, விரலை வைத்தேன். ஏசாயா 38:1. எசேக்கியா ராஜா வியாதிப்பட்டு மரணத்துக்கு ஏதுவாயிருந்தான். தீர்க்கதரிசி வந்து, நீர் பிழைக்கமாட்டீர், மரித்துப்போவீர் என்று சொன்னான். புத்தகத்தை மூடிவிட்டு பாத்ரூமில் போய் உட்கார்ந்துவிட்டேன். விடியும்வரை வெளியே வரவில்லை. காலையில் அம்மா கதவைத் தட்டி, "ஏலே, வயிறு சரியில்லையா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

பத்து நாள் கழித்துத்தான் அந்த அதிகாரத்தை மீதியும் வாசிக்கத் தைரியம் வந்தது. எசேக்கியா சுவர்ப்புறமாகத் திரும்பி அழுகிறான். 5ஆம் வசனத்தில் அவன் நாட்களோடு பதினைந்து வருஷம் கூட்டப்படுகிறது. 21ஆம் வசனத்தில் அதே ஏசாயா, அத்திப்பழத்து அடையை எடுத்துப் பிளவையின்மேல் (கட்டியின்மேல்) பற்றுப்போடச் சொல்கிறான். தீர்க்கதரிசியே வைத்தியமும் சொல்கிறான். நான் விரலை வைத்தது 1ஆம் வசனத்தில், அம்மாவின் பென்சில் கோடு இருந்தது 5ஆம் வசனத்தில். அதற்காக 5ஆம் வசனத்தை எங்களுக்கான வாக்காக எடுத்துக்கொள்ளவும் இல்லை. அது எசேக்கியாவுக்குச் சொன்னது.

முடிவை முன்கூட்டியே பிடுங்கிப் பார்க்கிற ஆசைதான் இதற்கெல்லாம் வேர். ராத்திரியில் கூகுளில் நோயின் பெயரைத் தட்டித் தேடுவதும் அதே ஆசைதான், கருவி மட்டும் வேறு. ஒரு வழி சொல்கிறேன்: வரிசையாக வாசியுங்கள். ஒரு புத்தகத்தை எடுத்தால் நாளுக்கு ஒரு அதிகாரம். மாற்கு சுவிசேஷத்துக்குப் பதினாறு நாள் ஆகும். நாளைக்கு எது வரும் என்று முன்பே தெரியும், அதனால் அதை வைத்துக் குறி பார்க்க முடியாது.

6. ஜெப விண்ணப்பம் அனுப்பும்போது

சபையின் வாட்ஸ்அப் குழுவில் நான் போட்ட செய்தி: "அம்மாவுக்கு வலது பக்கக் கழுத்தில் கட்டி. கேன்சராக இருக்கலாம் என்கிறார்கள். ஜெபியுங்கள்." ராத்திரிக்குள் 'இருக்கலாம்' உதிர்ந்துபோனது. மறுநாள் தூத்துக்குடியிலிருந்து ஒரு பெரியம்மா போன் போட்டு, அம்மாவிடமே அழுதாள். அம்மாவுக்கு அந்தச் சொல்லை நாங்கள் அதுவரை சொல்லவே இல்லை.

முதலில் நோயாளியிடம் கேளுங்கள், யாருக்கெல்லாம் சொல்லலாம் என்று. அப்புறம் இப்படி எழுதுங்கள்:

"அம்மாவுக்கு ஒரு பரிசோதனை முடிவுக்காகக் காத்திருக்கிறோம். 20ஆம் தேதிக்கு மேல் தெரியும். அம்மாவுக்குத் தூக்கமும் எங்களுக்குப் பொறுமையும் கிடைக்க ஜெபியுங்கள். தெரிந்ததும் நாங்களே சொல்கிறோம், தயவுசெய்து இப்போது போன் செய்ய வேண்டாம்."

நோயின் பெயர் இல்லை, ஆஸ்பத்திரி பெயர் இல்லை, தேதி இருக்கிறது. இரண்டாவது தடவை இப்படி அனுப்பினேன். மூன்றே மூன்று போன்தான் வந்தது.

பார்க்க வருகிறவர்கள் எல்லாரும், வேதத்தில் பெரும் துன்பத்தில் விழுந்த யோபுவின் நண்பர்கள் மாதிரிதான். அந்த மூன்று பேரும் முதலில் ஏழு நாள் வாயைத் திறக்காமல் கூடவே தரையில் உட்கார்ந்திருந்தார்கள், அதுவரை நல்ல நண்பர்கள்தான். வாயைத் திறந்த பிறகுதான் கெட்டது. "வீட்டில் ஏதாவது பாவம் இருக்கா பாருங்க" என்று ஒருவர் சொன்னால், டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள். வாதம் வேண்டாம்.

7. காசு, பொருத்தனை, உபவாசம்

தெரியாத நம்பரிலிருந்து ஒருவர் பேசினார். ஆண்டவர் அம்மாவைக் காட்டினார் என்றார், வலது பக்கக் கழுத்து என்றும் சொன்னார். எனக்குச் சிலிர்த்துவிட்டது. விசேஷ ஜெபத்துக்குக் காணிக்கை 5,000 ரூபாய், ஜிபேயில் அனுப்பினால் எண்ணெய் கூரியரில் வரும். அனுப்பினேன். எண்ணெய் வரவில்லை. வந்திருந்தாலும் அது தப்புதான். கழுத்து விவரம் முழுக்க நான் போட்ட குழுச் செய்தியிலேயே இருந்தது என்பது பிறகுதான் உறைத்தது. ஜெபத்துக்கு விலை சொன்னால் போனை வையுங்கள். மாத்திரையை நிறுத்தச் சொன்னால் அந்த நம்பரைப் பிளாக் பண்ணுங்கள்.

பொருத்தனை, அதாவது நேர்ந்துகொள்வது, வேறு விஷயம், வேதத்தில் இருக்கிறது. ஆனால் பிரசங்கி 5ஆம் அதிகாரம், நேர்ந்துகொண்டதைச் செய்யாமல் போவதைவிட நேர்ந்துகொள்ளாமல் இருப்பதே நலம் என்கிறது. பதற்றத்தில் வீட்டை, நகையை, பிள்ளையின் படிப்பை நேர்ந்துகொள்ளாதீர்கள். அம்மா அடுத்த அசனத்துக்கு ஒரு மூட்டை அரிசி என்றாள். "நல்ல முடிவு வந்தாத்தானேம்மா?" என்று கேட்டேன். "எந்த முடிவு வந்தாலும் அன்னைக்கு எல்லாரும் சாப்பிடணும்லா?" என்றாள். இதற்கு மேல் பொருத்தனையைப் பற்றி எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

உபவாசம்: நோயாளி இருக்கக் கூடாது. சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் இருக்கக் கூடாது, சர்க்கரை இறங்கி உயிருக்கே ஆபத்து. கூட இருந்து பார்த்துக்கொள்கிறவரும் யோசியுங்கள். மூன்று நாள் உபவாசம் என்று ஆரம்பித்து இரண்டாம் நாள் நான் வரிசையில் மயங்கி விழுந்தேன். டோக்கன் போச்சு. அம்மா எனக்குக் குளுக்கோஸ் கலக்கிக் கொடுத்தாள், நோயாளி அவள்! சாக வேண்டும் என்று சூரைச்செடியின் கீழ் படுத்த எலியா தீர்க்கதரிசிக்குத் தூதன் முதலில் உபதேசம் பண்ணவில்லை, அடையும் தண்ணீரும் கொடுத்துத் திரும்பவும் தூங்கவிட்டான். 1 இராஜாக்கள் 19இல் இருக்கிறது. உபவாசம் இருக்க வேண்டும் என்று தோன்றினால் போனை விட்டு உபவாசம் இருங்கள், ராத்திரி ஒன்பதிலிருந்து காலை ஆறு வரை.

நாள் கணக்காகத் தூக்கமில்லை, வாழவே பிடிக்கவில்லை என்கிற அளவுக்குப் போனால் ஜெபத்தோடு நிறுத்தாதீர்கள். 14416 டெலிமானஸ் என்கிற மனநல உதவிக்கான இலவச எண், தமிழில் பேசலாம். தமிழ்நாட்டில் 104 எண்ணும் உண்டு.

8. சபையில் யாரிடம் என்ன கேட்பது

வெளியூரில் காத்திருந்தால் பக்கத்தில் இருக்கும் கோயிலுக்கு ஞாயிறு காலை போய்க் கடைசி பெஞ்சில் உட்காருங்கள். யாரும் சான்று கேட்க மாட்டார்கள். ஆராதனை முடிந்ததும் குருவானவரிடம், "வெளியூர், ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கிறோம், வந்து ஜெபிக்க முடியுமா?" என்றால் போதும். காசு ஒன்றும் கேட்க மாட்டார்கள். வியாதிக்காரன் சபையின் மூப்பர்களை வரவழைக்கட்டும் என்று யாக்கோபு 5:14 சொல்கிறது, அதாவது கூப்பிட வேண்டிய வேலை நம்முடையது. லாட்ஜுக்குப் பக்கத்துக் கோயிலில் அவர்களாகத் தெரிந்துகொண்டு வரவில்லையே என்று நான் ஒரு மாதம் மனத்தாங்கலில் இருந்தேன். சொன்னால்தானே தெரியும்.

கத்தோலிக்கராக இருந்தால் பங்குத்தந்தையிடம் நோயில் பூசுதல் (எண்ணெய் பூசி ஜெபிக்கிற சடங்கு) கேளுங்கள். அது சாகப்போகிறவர்களுக்கு மட்டும் என்று நம் ஆட்கள் இன்னும் நினைக்கிறார்கள். கடினமான நோயிலும் பெரிய ஆபரேஷனுக்கு முன்னாலும் பெற்றுக்கொள்ளலாம். பாதிரியார் எண்ணெயோடு வந்தால் பாட்டி அலறாமல் இருக்க, முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

9. ரிப்போர்ட் நாள்

இரண்டு பேர் போங்கள், ஒருவர் கேட்க, ஒருவர் எழுத. முதல் கெட்ட சொல்லுக்குப் பிறகு காது அடைத்துவிடும். கேள்விகளை முந்தின நாளே எழுதி வையுங்கள்: இதன் பெயர் என்ன, எந்த நிலை, இப்போது என்ன செய்ய வேண்டும், ஒன்றும் செய்யாவிட்டால் என்ன ஆகும், அடுத்து எப்போது வர வேண்டும். டாக்டர் அனுமதித்தால் பேச்சைப் போனில் பதிவு செய்யுங்கள். காலையில் சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.

எங்களுக்குச் சொன்னது லிம்போமா, நிணநீர்ச் செல்களில் வரும் புற்றுநோய். மெதுவாக வளரும் வகை. தொந்தரவு எதுவும் இல்லாததால் இப்போதைக்கு மருந்து வேண்டாம், மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வந்து காட்டினால் போதும் என்றார் டாக்டர். கவனித்துக்கொண்டே காத்திருப்பதும் இந்த வகைக்கு ஒரு முறையான சிகிச்சைதான் என்றார். நான் திகைத்துப்போய் இருந்தேன். 47 நாள் காத்திருந்ததற்குக் கிடைத்த பதில், இன்னும் காத்திருங்கள். அம்மா மட்டும் சிரித்தாள்.

இப்படி உறுதியானதும் கேட்டு வாங்க வேண்டிய தாள் ஒன்று உண்டு: ரயில் சலுகைக்கான சான்றிதழ். புற்றுநோய் நோயாளி சிகிச்சைக்கோ மறுபரிசோதனைக்கோ போகும்போது ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் கட்டணத்தில் முழுச் சலுகை. கூட வரும் ஒருவருக்கு அதே வகுப்பில் 75 சதவீதம். ரயில்வேயின் படிவத்தில் ஆஸ்பத்திரி கையெழுத்தும் முத்திரையும் வேண்டும். அறையை விட்டு வெளியே வருவதற்கு முன் கேளுங்கள், பிறகு அந்தக் கையெழுத்துக்காக இன்னொரு நாள் அலைய வேண்டும்.

அடுத்த தேதியையும் அங்கேயே வாங்கிவிடுங்கள். எங்களுக்குக் கிடைத்தது ஒரு செவ்வாய்க்கிழமை. திங்கள் ராத்திரி நெல்லை எக்ஸ்பிரஸில் அம்மாவுக்கு லோயர் பெர்த் வேண்டும். முன்பதிவு 60 நாளுக்கு முன்னால் திறக்கிறது, காலை எட்டு மணிக்கு. சான்றிதழ் அசலும் ஒரு நகலும் எடுத்துக்கொண்டு ஏழு மணிக்கே போய் வரிசையில் நில்லுங்கள்.